பெண்கள் பகுதியில் துணி பார்க்கும் ஆண்களுக்கு: ஒரு தையற்காரரின் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் துணிக்கடையும் அதன் மூலையில் ஒரு தையல் மேசையும் வைத்திருப்பவன் நான். பெண்கள் உடைப் பகுதிக்கு வரும் ஆண்கள் வழக்கமாகக் காதருகே வந்து கேட்பதை, இம்முறை சிலர் எழுதியே கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு இடுப்பு 26 அங்குலம். இங்குள்ள கடைகளில் ஆண்களுக்கான ஜீன்ஸ் 28க்குக் கீழே கிடைப்பதில்லை. பெண்களுக்கானதை வாங்கலாமா? (கோலகங்சார் இளைஞர்)

பதில்: தாராளமாக வாங்கலாம், தம்பி. ஆனால் அளவுச் சீட்டில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பெண்களின் சிலுவார், அதாவது கால்சட்டை, இடுப்பைவிடப் பின்புறம் நன்றாக அகன்றிருக்கும் என்ற கணக்கில் வெட்டப்படுவதால், உங்களுக்கு இடுப்பில் கச்சிதமாக நின்றாலும் அதற்குக் கீழே துணி பையைப்போலத் தொங்கக்கூடும். உங்களுக்கு மிகவும் பொருந்தும் பழைய சிலுவார் ஒன்றைப் பொத்தான் போட்டுத் தரையில் விரித்து, இடுப்புப் பட்டையை ஓரத்திலிருந்து ஓரம்வரை அளந்து இரட்டியுங்கள்; 13 அங்குலம் வந்தால் உங்கள் அளவு 26. அதன்பின் கவட்டுத் தையலிலிருந்து முன்பட்டையின் மேல்விளிம்புவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பெரும்பாலும் அளக்காமல் விடுவது இதைத்தான்; உட்காரும்போது பிடிப்பதும் இதுதான். கடையில் அதே இரண்டு இடங்களில் நாடாவை வைத்துப் பாருங்கள். தொங்கும் பின்புறத்தை நடுத்தையலில் பிடித்துக் கொடுப்பது எங்களுக்குச் சிறிய வேலை. கைப்பேசி பாதிகூட நுழையாத அந்தப் பைகளை மாற்றுவதுதான் பெரிய வேலை.

கேள்வி: என் மகன் பெண்கள் பகுதியில் சட்டை எடுக்கிறான். ஊர் என்ன சொல்லுமோ என்று இருக்கிறது. (ஒரு தாயார்)

பதில்: பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பாலெடுக்க, போன நம் பெண்கள், கொசுவுக்கும் பாலின் கறைக்கும் பயந்து, கணவரின் முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு விடியற்காலையில் மரநிரைக்குப் போனார்களே, அம்மா, அப்போது எந்த ஊர் என்ன சொன்னது? எனக்குத் தெரிந்த குறை வேறு. பெண்கள் சட்டையில் மார்புக்காகப் பிடித்த தையல் இருக்கும், தோளும் குறுகலாக இருக்கும். அந்தத் தையல் இல்லாத, தளர்வாக வெட்டிய சட்டையை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பெண்கள் சட்டையில் பொத்தான் இடப்பக்கம் இருப்பது தெரிந்துவிடாதா?

பதில்: தையற்காரனுக்குத் தெரியும்.

கேள்வி: தீபாவளிக்கு மனைவிக்குத் தெரியாமல் உடை வாங்க வேண்டும். அளவைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். (தோட்ட லாரி ஓட்டுநர்)

பதில்: சேலை வாங்குங்கள், ஐயா, ஐந்தரை மீட்டர் சேலைக்கு அளவுத் தொல்லை கிடையாது. ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் விரித்துப் பாருங்கள். மலாய்ப் பெண்களின் நீண்ட மேற்சட்டையும் பாவாடையுமான பாஜு கூரோங் என்றால் தைத்ததை வாங்காமல் 4 மீட்டர் துணியாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பஞ்சாபி உடைதான் என்று முடிவெடுத்துவிட்டால், அவர் அடிக்கடி உடுத்தும் ஒன்றைத் துவைத்த துணிகளிலிருந்து எடுத்து ஒரு நாள் லாரியில் வைத்துக்கொண்டு வாருங்கள். “ஏறக்குறைய உங்கள் உயரம்தான்” என்று கடைப்பெண்ணைக் காட்டி வாங்கிய எத்தனையோ உடைகள் மறுவாரமே என் மேசைக்குப் பிரிப்பதற்கு வந்திருக்கின்றன.

கேள்வி: மனைவி இல்லை. மகள் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். சீருடைக்கு நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தமிழ்ப்பள்ளியில் போட்ட கருநீலப் பினஃபோர் இனி உதவாது, இடைநிலைப்பள்ளிக்கு வேறு நீலம், ஆகவே கடையில் நிறத்தை முதலில் சொல்லிவிடுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை அளந்து, அடிமடிப்பில் குறைந்தது 3 அங்குலத் துணி உள்ளே இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அந்த வயதில் ஒரே ஆண்டில் அதைப் பிரித்துவிட வேண்டியிருக்கும். உள்ளாடைகளை அவளே கடைப்பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் பணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஐந்தடியில், அதாவது கடைவாசல் நடைபாதையில், நில்லுங்கள்.