5 அடி 8 அங்குல ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஃபார்வர்டை (தாக்குதல் ஆட்டக்காரரை) என்ஹெச்எல் எனும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் அணிகள் டிராஃப்டில் எடுக்குமா?

எடுக்கும், ஆனால் கோல் கணக்கு சொல்வதைவிடப் பிந்திய சுற்றில். டிராஃப்ட் என்பது அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது; அதன் ஏழு சுற்றுகளில், இந்த உயரத்துக்காரர் முதல் சுற்றிலேயே போவது அரிது. கோல் காஃபீல்டு என்ற வீரர் 2019இல் 15ஆவதாகப் போனார். அலெக்ஸ் டெப்ரின்கெட் ஈரி ஆட்டர்ஸ் என்ற ஜூனியர் அணிக்காக டிராஃப்டுக்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் 50 கோலைத் தாண்டியும், 2016இல் 39ஆவது இடம்தான். ஜானி கோட்ரோ 2011இல் 104ஆவது.

கோல் எண்ணிக்கையை மட்டும் ஸ்கவுட்கள் (அணிகளுக்காக வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள்) நம்புவதில்லை. பவர் பிளேயில் (எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும் நேரத்தில்) வந்த புள்ளிகளைக் கழித்துவிட்டு, ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் என்ன செய்தார் என்று பார்ப்பார்கள். பக்கத்தில் ஆடியவர் யார் என்பதும் முக்கியம். ஆட்டர்ஸில் உடன் ஆடிய நட்சத்திரம் கானர் மெக்டேவிட் போன பிறகும் டெப்ரின்கெட் 51 கோல் அடித்ததுதான் அவருக்குப் பெரிய சான்று. பிறந்த தேதியையும் பாருங்கள்: செப்டம்பர் 15க்குப் பின் பிறந்தவர் அடுத்த ஆண்டுதான் தகுதி பெறுவார். அதனால் சக வீரர்களைவிட மூத்தவராக இருப்பார், அதே புள்ளிகளுக்கு மதிப்பு குறையும்.

என் கணிப்பில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஸ்கேட்டிங்தான், குறிப்பாக நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று காலடிகள். குட்டையாகவும் மெதுவாகவும் இருப்பவர் சுவரோரம் சிக்கிக்கொள்வார், பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) கைமாறிவிடும். அதோடு கோல் வலைக்கு முன்னால் நுழையாமல் வெளிவட்டத்திலேயே சுற்றினால், ஜூனியரில் கிடைக்கும் இடைவெளி என்ஹெச்எல்லில் கிடைக்காது. சென்டராக (நடுவில்) ஆடுபவர் விங்கிலும் (ஓரத்திலும்) பழகிக்கொள்வது நல்லது.

எவரும் எடுக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். அடுத்த ஆண்டும் தகுதி உண்டு. அணிகள் இளம் வீரர்களுக்கு நடத்தும் டெவலப்மென்ட் கேம்ப் அழைப்பும் வரலாம். பின்னாளில் என்ஹெச்எல் நட்சத்திரமான, குட்டையான மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை.