பிறப்புறுப்பு மருவைப் பல ஆண்டுகள் விட்டுவிட்டால் புற்றுநோயாகுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பத்து ஆண்டுகளாக மறைத்து வைத்துச் சுண்ணாம்பு தடவிவந்த மரு இப்போது கைப்பிடி அளவு, அறுவை சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

முதலில், சுண்ணாம்பு தடவுவதை இன்றே நிறுத்துங்கள். வெந்து புண்ணாகுமே தவிர, வேர் போகாது.

மருவுக்குக் காரணம் உடலுறவில் பரவும் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸ், பெரும்பாலும் அதன் 6, 11 வகைகள். சிறிதாக இருக்கும்வரை சாதுதான். கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் காலிஃபிளவர் போலத் திரண்டு, அடிச்சதையைக் குடைந்து இறங்கும். 1925இல் இதை விவரித்தவர்களின் பெயரால் புஷ்கே-லோவன்ஸ்டைன் கட்டி என்பார்கள். அதன் மடிப்புகளுக்குள் ஏதோ ஓரிடத்தில் புற்று ஒளிந்திருக்கக்கூடும். பரிசோதனைக்கு மேலாகக் கிள்ளிய ஒரு துணுக்கு அதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். அதனால் பல இடங்களில், ஆழத்திலிருந்தும் சதை எடுக்கச் சொல்லுங்கள். வெட்டிய கட்டி முழுவதும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இந்த அளவுக்குக் களிம்பு மட்டும் போதாது. ஸ்கேனில் ஆழம் பார்த்து, சுற்றியுள்ள நல்ல தோலையும் சிறிது சேர்த்தே வெட்டுவார்கள். புண் பெரிதானால் தொடைத்தோலை எடுத்து ஒட்டுவார்கள். ஆசனவாயை ஒட்டியிருந்தால், புண் ஆறும்வரை வயிற்றுவழியாக மலம் போக ஏற்பாடு தேவைப்படலாம். கேட்டதும் பயந்து ஓடிவிடாதீர்கள்.

மீண்டும் முளைப்பது இதில் சகஜம், தொடர்ந்து காட்ட வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தால் மரு வேகமாக வளரும். வாழ்க்கைத்துணையையும் அழைத்துச் செல்லுங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். வெளிநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்தில் தோல் நோய்ப் பிரிவு என்று மட்டும் சொன்னால் போதும்.