வாசகர் கேள்வி – பதில்: டிசைன் நுழைவுத் தேர்வும் போர்ட்ஃபோலியோவும்

கேள்வி: பெட்டி, மேசை எல்லாம் ஓரளவு வரைந்துவிடுகிறேன். டம்ளர், வாளி என்று வந்தால் அடிப்பக்கம் ஒட்டாமல் நிற்கிறது. ஏன்?

பதில்: வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடி மேசைமேல் தட்டையாகத்தானே இருக்கிறது என்று நேர்கோடு இழுத்திருப்பீர்கள். அநேகம் பேர் சறுக்கும் இடம் இது. கண்மட்டத்தில் இருக்கும் வட்டம் மட்டுமே கோடாகத் தெரியும். அதற்குக் கீழே இறங்க இறங்க நீள்வட்டம் விரிந்துகொண்டே போகும். ஆகவே டம்ளரின் வாயைவிட அடிதான் கூடுதலாக வளைய வேண்டும்.

முதலில் நடு அச்சை மெலிதாகப் போடுங்கள். நீள்வட்டத்தின் நீளவாக்கு அதற்குச் செங்குத்தாக அமையும். டம்ளர் சாய்ந்து கிடந்தாலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத பின்பாதியையும் சேர்த்து முழுசாக வரைந்து, பிறகு வேண்டாததை அழியுங்கள். முன்பாதியை மட்டும் வரைந்தால் இரு ஓரமும் கூராகிவிடும். நீள்வட்டத்துக்கு மூலையே கிடையாது. மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து கையை ஓட்டுங்கள். கோட்டுக்குச் சாதாரண எச்.பி. பென்சில் போதும். மென்மையான, கருப்பு அதிகமான 6பி பென்சில் கடைசி நிழலுக்கு. முன்னதாக எடுத்தால் கை பட்டுத் தாளெல்லாம் கரியாகும்.

பெட்டியிலும் ஒன்றைச் சரிபாருங்கள். பெட்டியின் பக்கக் கோடுகளை நீட்டினால் அவை போய்ச் சேரும் மறைபுள்ளிகள் இரண்டும் நெருங்கித் தாளுக்குள்ளேயே இருந்தால் முன்மூலை ஈட்டிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றையாவது தாளுக்கு வெளியே தள்ளுங்கள்.

கேள்வி: ‘மழை’ போன்ற தலைப்பு கொடுத்தால் யோசிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது.

பதில்: பென்சிலோடு யோசியுங்கள். அரை மணிக் கேள்வி என்றால் முதல் ஐந்து நிமிடத்தில் தீப்பெட்டி அளவில் நான்கைந்து கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு யோசனை கிறுக்குங்கள். முதலில் வருவது குடை. அறையில் பாதிப் பேருக்கு அதுதான் வந்திருக்கும். அதைத் தாண்டியதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: நாற்பது படங்கள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் நடிகர்களின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை. போர்ட்ஃபோலியோவில், அதாவது கல்லூரிக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பில், அத்தனையும் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நல்லதாகப் பன்னிரண்டு, பதினைந்து இருந்தால் நிறைவு. எந்தக் கல்லூரியாவது எண்ணிக்கை சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. கன உருவத்தைத் தட்டையாக்கும் வேலையைப் புகைப்படத்தில் கேமராவே செய்துவிட்டது. பார்ப்பவர்கள் தேடுவது அந்த வேலையை நீங்கள் செய்கிறீர்களா என்பதை. நேரில் பார்த்து வரைந்தவை முன்னே வரட்டும்.

ஒரு வேலையையாவது ஆரம்பத்திலிருந்து காட்டுங்கள். பேனா ஸ்டாண்ட் என்றால் முதல் கிறுக்கல், கைவிட்ட வடிவங்கள், சாய்ந்துபோன அட்டை மாதிரியின் படம், பக்கத்திலேயே ‘அடியை அகலமாக்கினேன்’ என்று ஒரு வரி. சாய்ந்ததை மறைக்காதீர்கள், அதைப் பற்றித்தான் நேர்காணலில் நிறையப் பேசுவீர்கள். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று கட்டாயம் எழுதுங்கள்.

ஸ்கேன் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வையுங்கள். மொபைலில் எடுத்தால் ஃப்ளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழ, கேமராவைத் தாளுக்கு நேராகப் பிடியுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை ஏற்றினால் மெல்லிய பென்சில் கோடுகள் காணாமல் போய்விடும்.