சேவியர் என்ற பெயருக்கு அரபு மொழியில் ‘ஒளி’ என்று பொருளாமே, உண்மையா?

பிள்ளைக்குப் பெயர் தேடுகிறீர்கள் போலிருக்கிறது. பெயர்ப் பட்டியல்களில் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அது அரபும் இல்லை, ஒளியும் இல்லை. ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லைப் பகுதியில் பேசும் பாஸ்க் மொழிச் சொல். ‘எச்சே’ என்றால் வீடு, ‘பெர்ரி’ என்றால் புதியது. புது வீடு, அவ்வளவுதான்.

இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அக்கா பேரனின் ஞானஸ்நான அழைப்பிதழில், பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் ‘ஒளியானவன்’ என்று போட்டிருந்தார்கள். எடுத்துவிடுங்கள் என்றேன். “பிள்ளைக்கு யாராவது புது வீடு என்று பெயர் வைப்பார்களா? வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வீட்டு நினைப்பு போகாதுதான்” என்றார் அத்தான். அப்பா விட்டுப்போன மனையில் மாடி கட்டிக் குடியிருப்பவர் அவர். என் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

பிள்ளைக்கு வைத்த பெயரல்ல அது, இடத்தின் பெயர். ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் ஹவியெர் என்று ஓர் ஊர்; சேவியர் என்பதன் ஸ்பானிய உச்சரிப்பு அது. அங்கே தாய்வழிச் சொத்தாக வந்த கோட்டையில் 1506-ல் பிறந்தார் புனித பிரான்சிஸ் சேவியர், நம்மூர்ச் சவேரியார். பாஸ்க் மக்களிடையே வீட்டின் பெயர்தான் ஆளுக்கு ஒட்டிக்கொள்ளும். எச்செவெரியா என்ற குடும்பப் பெயருக்கும் இதே மூலம்தான். 1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பிறகே ‘சேவியர்’ ஆட்பெயராக உலகெங்கும் பரவியது.

‘பெர்ரி எப்படி வியெர் ஆகும்?’ என்று உடனே ஒருவர் கிளம்புவார். நான் மொழியியல் படித்தவன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வட்டாரத்தில் லத்தீன்வழி மொழி பேசியவர்கள் வாயில் எகரம் ‘இயெ’ என்று திரிவது வழக்கம். பக்கத்து ஹுயெஸ்கா மாகாணத்தில் ‘ஹவியெர்ரே’ என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

அவர் பாஸ்க்காரரே இல்லை என்று வாதாடுபவர்களும் உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இந்தக் கரை மக்களின் தாய்மொழி மலபார், என்னுடையது விஸ்காயா, அதனால் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்கிறார். அந்நாளில் ஐரோப்பியர்கள் தமிழை மலபார் என்றும் பாஸ்க்கை விஸ்காயா என்றும் குறிப்பிட்டார்கள். இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

தாராளமாகப் பெயரை வையுங்கள். அழைப்பிதழில் பொருள் மட்டும் போட வேண்டாம். எங்கள் வீட்டில் ‘ஒளியானவன்’ என்றே அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.