கடல் தாண்டத் தெரியாத நன்னீர்ப் பாசி பல கண்டங்களுக்கும் எப்படிப் போனது?

காரா என்ற பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தடியில் சிறு செடிபோல நிற்கும். அதன் வித்து கடுகைவிடச் சிறியது. மேலே திருகாணிபோலச் சுற்றிய செல்கள், அவற்றில் படியும் சுண்ணாம்பு. அந்த ஓடுதான் புதைபடிவமாகி 40 கோடி ஆண்டு வரலாற்றை நமக்குத் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த புதைபடிவம் இது!

கண்டங்கள் பாஞ்சியா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்தில் ஆறும் வெள்ளமுமே போதும். அவை பிரிந்த பிறகு? இன்று வாத்து விழுங்கும் காரா வித்துகளில் சில எச்சத்தில் உயிரோடு வெளிவந்து முளைக்கின்றன. பழங்காலத்திலும் பறவைகள் சுமந்திருக்கும் என்பதே வலுவான விளக்கம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே இருந்த ஏரிகளில் காராவின் உறவுப் பாசியான பிளாட்டிகாரா வாழ்ந்தது. இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டவில்லை. ஆனாலும் அதே பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுதி) புதைபடிவம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிடைக்கிறது.