வழிப்போக்கர் வீட்டுப் பிள்ளை

அன்புள்ள ஐயா,

டாலஸில் ஒன்பது வருடமாக எச்1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வரிசை நகர்வதாக இல்லை. 2021-இல் மகள் இங்கேதான் பிறந்தாள். ஒரு நண்பர், "அப்பா அம்மா குடிமக்களாக இல்லாவிட்டால் பிள்ளை இந்த நாட்டு அதிபராக முடியாது, அதிபர் 'நேச்சுரல் பார்ன்', அதாவது பிறப்பாலேயே குடிமகனாக இருக்க வேண்டும் என்பதற்கு அதுதான் அர்த்தம்" என்று சாதிக்கிறார். உண்மையா? இன்னொன்று. கள்ளத்தனமாக எல்லை தாண்டி வருகிறவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமையை நிறுத்துவது நியாயம்தானே? முறையாக வந்து வரி கட்டும் எங்களோடு அவர்களை ஏன் சேர்க்க வேண்டும்? மகளுக்குத் தமிழ் எழுத்தை எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? (அவளுடைய பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்!)

கே.

அன்புள்ள கே.,

தமிழ் எழுத்தை நாளைக்கே ஆரம்பியுங்கள். இதையெல்லாம் என்னிடம் கேட்கக் கூடாது.

உங்கள் நண்பரிடம் கமலா ஹாரிஸ் என்று மட்டும் சொல்லுங்கள். 1964-இல் ஓக்லாந்தில் அவர் பிறந்தபோது மெட்ராஸில் பிறந்த சியாமளா கோபாலனும் அமெரிக்கக் குடிமகள் இல்லை, ஜமைக்காக்காரரான அப்பாவும் இல்லை. 2020-இல் ஒரு சட்டப் பேராசிரியர் இதே சந்தேகத்தைக் கிளப்பிப் பார்த்தார். எடுபடவில்லை. துணை அதிபருக்கும் அதே தகுதிதான் வேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டமே சொல்கிறது. அவர் துணை அதிபரானபோது அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தார்களே, மறந்துவிட்டதா? வயது முப்பத்தைந்து, பதினான்கு வருடம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மகள் 2056 தேர்தலில் நிற்கலாம். என் ஓட்டு அங்கே செல்லாது, ஆசீர்வாதம் உண்டு.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதைப் படித்ததும் கோபம் வந்தது, மறைப்பானேன். 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்ட ஆணையைப் படித்தீர்களா, இல்லை வாட்ஸப்பில் வந்ததை மட்டும் பார்த்தீர்களா? அதில் இரண்டு வகை அம்மாக்கள் வருகிறார்கள். அனுமதி இல்லாமல் இருப்பவர் ஒருவர். முறையாக, ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர் இன்னொருவர். அப்பா குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இல்லையென்றால் இருவர் பிள்ளைக்கும் ஒரே கதி, குடியுரிமை கிடையாது. எச்1பி அந்த இரண்டாவது வகை. நீங்கள் கட்டிய வரியை அந்த ஆணை கேட்கவே இல்லை. ஆணைக்கு முப்பது நாள் கழித்துப் பிறப்பவர்களுக்குத்தான் அது என்பதால் உங்கள் மகள் தப்பித்தாள். உடனே வழக்குகள் பாய்ந்தன, கீழ் நீதிமன்றங்கள் தடை போட்டன. அந்த வழக்குகளில் எல்லாரும் தூக்கிப் பிடித்தது ஒரு சமையல்காரரின் பெயரை.

வோங் கிம் ஆர்க். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெற்றோர் சீனர்கள். அன்றைய சட்டப்படி சீனர்கள் குடியுரிமை வாங்கவே முடியாது. 1895-இல் சீனாவுக்குப் போய்த் திரும்பியவரை, நீ அமெரிக்கன் இல்லை என்று இறங்க விடாமல் துறைமுகத்தில் கப்பல் மாற்றிக் கப்பலாக மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பிறந்த ஊர் கண்ணெதிரே தெரிகிறது, கால் வைக்க முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1898-இல் ஆறுக்கு இரண்டு என்று அவர் ஜெயித்தார். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்கிற பதினான்காவது திருத்தம் (1868) சீனர் பிள்ளைக்கும் பொருந்தும் என்றார்கள்.

எனக்குத் தூக்கம் கெடுப்பது அந்த இரண்டு பேர்தான். மாற்றுத் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ஃபுல்லர் என்ன கேட்டார் தெரியுமா? நம் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை அதிபராக முடியாது, இந்த வழியாகப் போகும்போது அந்நியருக்குப் பிறந்த மங்கோலிய, மலாய் இனத்துப் பிள்ளை ஆகலாமா, என்றார். பார்த்தீர்களா, உங்கள் நண்பரின் வாதம்! அவரோடு சேர்ந்துகொண்டவர் ஹார்லன். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், ரயிலில் கறுப்பர்களைத் தனியே உட்காரவைப்பது செல்லும் என்று மற்ற நீதிபதிகள் சொன்னபோது, சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று ஒற்றை ஆளாக நின்றவர். அப்பேர்ப்பட்டவருக்கும் சீனன் என்றதும் கண் மறைத்துவிட்டது. நல்லவர்களுக்கும் தங்கள் கருணை முடிகிற எல்லை ஒன்று இருக்கிறது, கே. உங்களுடையது மெக்சிகோ எல்லையில் ஓடும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் முடிகிறது போல.

ஜெயித்த பிறகாவது விட்டார்களா? 1901-இல் நீங்கள் இருக்கிற அதே டெக்சாஸில், எல் பாசோவில், வோங்கை மறுபடி பிடித்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பே தன் பெயரில் இருந்த மனிதர் அவர். ஒவ்வொரு பயணத்துக்கும் மனுவும் காகிதமும் வேண்டியிருந்தது. "இவன் இங்கே பிறந்தவன்தான்" என்று வெள்ளைக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். சீனன் சாட்சி போதாது.

எனக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. தாத்தா வீட்டுப் பின்கட்டில் பிறந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் என் உயரத்தைப் பார்த்துவிட்டு ஜூன் 1 என்று எழுதினார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள். பாஸ்போர்ட்டுக்காக ஒரு அலுவலகத்தில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். குமாஸ்தா நிமிராமல், "அம்மா சொன்னா ஆச்சா? ஸ்கூல் சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்றார். அம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். "பெத்தவ நான் நிக்கிறேன், அந்த வாத்தியாரா வந்து பிரசவம் பார்த்தாரு?"

வாத்தியாரின் தேதிதான் செல்லுபடியானது. அம்மா சாகும்வரை என் பிறந்தநாளை மாசி மாதம்தான் கொண்டாடினாள்.

2011-இல் ஒபாமா ஹவாயில் பிறந்த முழுச் சான்றிதழை உலகத்துக்கு எடுத்துக் காட்டியபோது எனக்கு அந்தக் குமாஸ்தா ஞாபகம்தான் வந்தது. பதவியில் இருக்கிற அதிபரிடமே கேட்டார்கள் ஐயா. அதைப் பார்த்த பிறகும் சிலர் நம்பவில்லை.

அப்புறம், அந்த லேமினேஷன். லேமினேட் செய்த சான்றிதழைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். இன்னொரு அசல் பிரதிக்கு இந்த வாரமே எழுதிப் போடுங்கள். குழந்தைக்கு என் முத்தங்கள்.