ஒரே ரெப்போ, பல புராஜெக்ட்: பில்ட் பற்றிக் கேளுங்கள்

ரெப்போ என்றால் கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம். பில்ட் என்றால் அந்தக் கோடை ஓடும் புரோகிராமாகக் கட்டுவது. அதற்கான டூல்கள் ஜாவா பக்கம் மேவன், கிரேடில். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பேக்கேஜ்களை இறக்க பிஎன்பிஎம், பில்டை ஓட்ட டர்போரெப்போ (சுருக்கமாக டர்போ). எனக்குச் சோறு போடுவது இவைதான். ஐஓஎஸ், யூனிட்டி கேள்விகளுக்கு என்னிடம் பதில் கிடையாது.

கே: அண்ணா, மேவனில் ஏகப்பட்ட மாட்யூல் (புராஜெக்ட்டின் தனித்தனிப் பகுதிகள்). ஒரு வரி மாற்றினாலும் முழுசாக பில்ட் போடவேண்டியிருக்கிறது. மாட்யூல் பெயரைச் சொல்லி பிஎல் (-pl) ஆப்ஷன் கொடுத்தால் சில சமயம் என் மாற்றமே தெரிவதில்லை.

ப: பிஎல் மட்டும் கொடுத்தால் அந்த ஒரு மாட்யூலைத்தான் கட்டும். அதற்கு வேண்டிய பக்கத்து மாட்யூலின் ஜாரை (கட்டி முடித்த கோப்பை) மேவன் 3 உங்கள் மெஷினில் உள்ள எம்2 ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அது நீங்கள் என்றைக்கோ இன்ஸ்டால் போட்ட பழைய ஜார். பக்கத்து மாட்யூலில் செய்த மாற்றம் அதில் எப்படி இருக்கும்? பிஎல்லோடு ஏஎம்மும் (-am) கொடுங்கள். தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டும். பொது மாட்யூலைத் தொட்டிருந்தால் ஏஎம்டி (-amd). அதை நம்பியிருப்பவை எல்லாம் பில்ட் ஆகும்.

கே: மாறிய புராஜெக்ட்டை மட்டும் பில்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன். லேப்டாப்பில் சரியாக நடக்கிறது. கிட்ஹப் சிஐயில் (கோடை ஏற்றியதும் தானாக பில்ட் ஓடும் இடத்தில்) எரர், இல்லையென்றால் எல்லாமே பில்ட் ஆகிறது.

ப: செக்அவுட் ஆக்‌ஷன் சும்மா விட்டால் கடைசி 1 கமிட்டைத்தான் (பதிவு செய்த மாற்றத்தை) இறக்கும். மெயின் கிளையும் உங்கள் கிளையும் எங்கே பிரிந்தன என்று தெரியாமல் எது மாறியது என்று எந்த டூலாலும் சொல்ல முடியாது. எத்தனை கமிட் இறக்குவது என்று சொல்லும் ஃபெட்ச் டெப்த்தை 0 ஆக்குங்கள், எல்லாம் வரும். ரெப்போ பெரிதாகி குளோன் (நகல் இறக்குவது) இழுத்தால், பிளாப் (கோப்பின் உள்ளடக்கம்) இல்லாமல் குளோன் செய்யும் ஃபில்டர் கிட்டிலேயே உண்டு. வரலாறு முழுதும் வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போது வரும்.

கே: சார், டர்போவில் என்வ் கோப்பில் (செட்டிங்குகள் இருக்கும் .env) ஏபிஐ முகவரியை, அதாவது சைட் கூப்பிடும் சர்வரின் முகவரியை, மாற்றினேன். பில்ட் 'கேஷ் ஹிட்' என்று ஒரு நொடியில் முடிந்தது. லைவ் சைட் இன்னும் பழைய டெஸ்ட் சர்வரைக் கூப்பிடுகிறது!

ப: இன்றைய நல்ல கேள்வி இதுதான்.

கேஷ் (பழைய அவுட்புட்டின் சேமிப்பு) வைக்கும் எந்த பில்ட் டூலும் இன்புட்களைச் சேர்த்து ஒரு ஹாஷ், கைரேகை மாதிரி ஒரு அடையாளம், போடுகிறது. அதே ஹாஷ் முன்பே இருந்தால் வேலையை ஓட்டாமல் பழைய அவுட்புட்டை எடுத்துக் கொடுத்துவிடும். டர்போ தானாகக் கணக்கில் எடுப்பது கிட்டில் உள்ள கோப்புகளை. உங்கள் என்வ் கோப்பு கிட்இக்னோரில் (கிட்டில் சேர்க்காதவற்றின் பட்டியலில்) இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆக டர்போவைப் பொறுத்தவரை ஒன்றும் மாறவில்லை.

டர்போவின் செட்டிங் கோப்பான டர்போ ஜேஸானில் பில்ட் டாஸ்க்கின் இன்புட்ஸ் பட்டியலில் என்வ் கோப்பைச் சேருங்கள். ஆனால் இன்புட்ஸ் என்று நீங்களே எழுதியதும் இயல்பான பட்டியல் போய்விடும். 'டர்போ டீஃபால்ட்' ($TURBO_DEFAULT$) என்ற டாலர் குறிச்சொல்லை முதலில் போட்டுவிட்டு அப்புறம் என்வ். இதை மறந்தால் சோர்ஸ் கோடை மாற்றினாலும் கேஷ் ஹிட்தான். பிறகு ஜேஸான் டிரை ரன் (வேலையை ஓட்டாமல் திட்டத்தை மட்டும் காட்டுவது) போட்டுப் பாருங்கள். எந்தெந்தக் கோப்பு ஹாஷில் சேர்ந்தது என்று வரிவரியாகக் காட்டும்.

இதை இன்று இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்: கேஷை அழித்தால் சரியாகிறது என்றால், அறிவிக்காத இன்புட் ஒன்று எங்கோ இருக்கிறது.

கே: பில்ட் டூலுக்கு என்எக்ஸா, டர்போவா?

ப: டீமில் யாருக்கு எது தெரியுமோ அது.

கே: பழைய ஜாவாஸ்கிரிப்ட் டூல் லெர்னா செத்துவிட்டதா?

ப: இல்லை. 2022-இல் என்எக்ஸ்காரர்கள் பொறுப்பேற்றார்கள். பேக்கேஜ்களை வெர்ஷன் போட்டு வெளியிட இன்றும் நன்றாகவே உதவும்.

கே: ஆறு பேர் டீம். கூகுள் மாதிரி ஒரே ரெப்போ, அவர்களின் பில்ட் டூல் பேஸல் என்று போகலாமா?

ப: ஒரே ரெப்போ, சரி. பேஸல், இப்போது வேண்டாம். கூகுள் 2016-இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன கணக்கு சுமார் 200 கோடி வரிகள், 86 டெராபைட். அதை வைத்திருப்பது கிட்டில் இல்லை, பைப்பர் என்று அவர்களே கட்டிய அமைப்பில். பேஸலில் ஒவ்வொரு இன்புட்டையும் கையால் அறிவிக்கவேண்டும். அதன் பலமும் அதுதான், ஆறு பேருக்கு அதுதான் பாரமும்.

கே: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆறு பேருக்கு ஒரே ரெப்போவே ஃபேஷன்தான். தனித்தனியாக வைத்தால் பில்ட் டூல் தொல்லையே இல்லையே?

ப: தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பொது லைப்ரரி ஒன்று, அதைப் பயன்படுத்தும் நான்கு ரெப்போக்கள். ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் மாற்றவேண்டும். லைப்ரரியில் ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்பது), புது வெர்ஷன், அப்புறம் நான்கு ரெப்போவிலும் ஆளுக்கொன்று. மூன்று முடியும். நான்காவதின் ஆள் லீவு. அடுத்த செக்யூரிட்டி திருத்தத்தை இரண்டு வெர்ஷனிலும் போடுவீர்கள்.

கே: ஒரே ரெப்போவில் ஒருவர் பொதுக் கோடைத் தொட்டால் எல்லாருக்கும் உடைகிறதே?

ப: உடையட்டும். மாற்றியவர் கண்முன்னால், அவர் புல் ரிக்வெஸ்டிலேயே உடைகிறது. தனி ரெப்போவில் வேறொருவர் வெர்ஷன் ஏற்றும் நாளில் உடையும். ஏன் என்று அவருக்குத் தெரியாது.

கே: ஒரே கமிட்டில் சர்வரையும் ஆப்பையும் மாற்றிவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். டெப்ளாய் (லைவுக்கு ஏற்றுவது) ஒரே நொடியிலா நடக்கிறது?

ப: இதில் உங்கள் பக்கம்தான் நியாயம். கமிட் ஒன்று, டெப்ளாய் இரண்டு. நடுவில் பழைய ஆப் புது சர்வரோடு பேசும். ஏபிஐயில் பழையதையும் கொஞ்ச காலம் தாங்கித்தான் ஆகவேண்டும், ரெப்போ எத்தனை இருந்தாலும். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கிளையன்ட் கோடை வெளியாட்கள் பார்க்கக்கூடாது என்றால் தனி ரெப்போதான், கிட்டில் ஃபோல்டர் வாரியாகப் படிக்கும் அனுமதி கிடையாது.

கே: நடுவழியாக கிட் சப்மாட்யூல் (ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போ)?

ப: வேண்டாம். இரண்டு பக்கத்துக் கஷ்டமும் ஒன்றாக வரும்.

கே: கிரேடில் பில்ட்எஸ்ஆர்சி ஃபோல்டரில் (buildSrc) லைப்ரரிகளின் வெர்ஷன் நம்பர்களை வைத்திருக்கிறோம். ஒன்றை மாற்றினால் எல்லாம் மறுபடி பில்ட்.

ப: பில்ட்எஸ்ஆர்சி எல்லா பில்ட் ஸ்கிரிப்ட்டின் கிளாஸ்பாத்திலும் (கோடைத் தேடும் பட்டியலிலும்) இருக்கிறது, அதனால்தான். நம்பர்களை வெர்ஷன் கேட்டலாகுக்கு (வெர்ஷன்களுக்கென்றே உள்ள பட்டியல் கோப்பு) மாற்றுங்கள். பொது செட்டிங்குகளை கன்வென்ஷன் பிளகின்களாக்கி, தனி இன்க்ளூடட் பில்டில் வையுங்கள்.

கே: என்பிஎம்மிலிருந்து பிஎன்பிஎம் மாறியதும் 'மாட்யூல் காணவில்லை' என்று கொட்டுகிறது.

ப: முன்பும் அந்தப் பேக்கேஜை நீங்கள் அறிவிக்கவில்லை. வேறு எதனோடோ வந்து மேலே கிடந்ததை எடுத்துக்கொண்டீர்கள். அந்தந்த பேக்கேஜ் ஜேஸானில் எழுதுங்கள். எல்லாவற்றையும் பழையபடி மேலே கொண்டுவரும் ஹாய்ஸ்ட் ஆப்ஷனைத் தட்டிவிட்டுத் தப்பிக்காதீர்கள்.

கே: சிஐயில் மட்டும் எல்லாமே பில்ட் ஆகிறது, ஏன்?

ப: இரண்டாவது பதில்.

கே: அண்ணா, சிஐயில் மாறாததும்…

ப: இரண்டாவது பதில். ஃபெட்ச் டெப்த்.

கே: ஐஓஎஸ் ஆப் எழுதும் எக்ஸ்கோடில் ஃபிரேம்வொர்க் பல இருந்தால்?

ப: முதல் பத்தி.

கே: டீம் முழுவதும் பகிரும் ரிமோட் கேஷ் போடலாமா?

ப: போடுங்கள், ஆனால் எழுதும் உரிமை சிஐக்கு மட்டும். லேப்டாப்கள் படித்தால் போதும். ஒருவர் மெஷினில் வேறு நோட்.ஜேஎஸ் வெர்ஷன் இருந்து, அந்த அவுட்புட் எல்லாருக்கும் போய்விட்டால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். அதுவும் அறிவிக்காத இன்புட்தான்.

கே: சார், கேஷை கிளீன் பண்ணினால் சரியாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

ப: மேலே படித்தீர்களா, இல்லையா? சரி. கிளீன் செய்வதற்கு முன் ஒரு டிரை ரன், எதை மாற்றினால் பிடிக்கவில்லையோ அதை மாற்றிய பின் ஒரு டிரை ரன். இரண்டு ஜேஸானுக்கும் டிஃப் எடுத்து இங்கே ஒட்டுங்கள், நாளைக் காலையில் பார்க்கிறேன். டோக்கன், பாஸ்வேர்ட் இருந்தால் அழித்துவிட்டு ஒட்டுங்கள்.